விடையும் வடையும்: மார்க்டவுன் பாடபேதம் பற்றிய சிற்றாராய்ச்சி

திருக்குறளுக்கு உரை கண்டோர் பதின்மர் என்பது மரபு. 'சேமித்துவிட்டு இயக்கவும்' என்ற ஒற்றை வரிக்குத் திண்டிவனத்தில் ஓர் உரையும் விழுப்புரத்தில் ஓர் உரையும் இருப்பதைத் தமிழுலகம் இன்னும் அறியவில்லை. அக்குறை தீரவே இவ்வாராய்ச்சி.

களம், பைத்தானை எளிய தமிழில் சொல்லித்தரும் இணையப் பாடம். கணியம் மின்னிதழ் 2012 முதல் இப்படிப்பட்ட பாடங்களைத் தமிழில் தந்துவருகிறது; விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. அந்தத் தெம்பில் நாங்களும் இறங்கினோம். திண்டிவனத்தில் நான், பாசஞ்சர் ரயில் தூரத்து விழுப்புரத்தில் நண்பர்.

மூலநூல், எளிய குறிகளால் பக்கத்தை வடிவமைக்க 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன். 'சேமித்துவிட்டு இயக்கவும்' போன்ற வரியை 'எச்சரிக்கை' என்று பெட்டி கட்டிக் காட்ட அதில் விதியே கிடையாது. பின்வந்தோர் ஆளுக்கொரு இடைச்செருகல் செய்தார்கள். திண்டிவனப் பாடத்தில் மூன்று ஆச்சரியக்குறி போட்டு, அடுத்த வரியை நான்கு இடம் தள்ளித் தொடங்க வேண்டும். விழுப்புரப் பாடம் கிட்ஹப் வழி: அம்புத்தலை, சதுர அடைப்பு, ஒரே ஒரு ஆச்சரியக்குறி. ஒன்றை மற்றொன்றின் ஊருக்கு அனுப்பினால் பெட்டி வராது; திண்டிவனத்து வரி '!!! note' என்று நாங்கள் மாணவரைப் பார்த்துக் கத்துவதுபோல் நிற்கும். 2014இல் காமன்மார்க் என்றொரு நன்னூல் எழுந்தது. பெட்டி விஷயத்தில் அதுவும் மௌனம்.

வரியின் கடைசியில் இரண்டு இடைவெளி விட்டால் வரி உடையும் என்பது இன்னொரு விதி. கண்ணுக்குத் தெரியாத இலக்கணம். நண்பரின் எடிட்டர் அதை அழுக்கென்று கருதித் துடைத்துவிடும். இதைப் பற்றி மேலும் பேசினால் நட்பு கெடும்.

ஆய்வின் உயிர்நிலை தலைப்பில் இருக்கிறது. காண்டிகையுரைக்கு நன்னூல் சொல்லும் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்ற ஐந்தையுமே பாடத்தின் தலைப்புகளாக வைத்தோம். தலைப்பிலிருந்து இணைப்பு முகவரி செய்யும் கருவி, எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் களையும். அதன் கணக்கில் கால், கொம்பு, புள்ளி எதுவும் எழுத்தில்லை. 'கருத்து' அங்கே 'கரதத'. 'விழுப்புரம்' வழபபரம், மன்னிக்கவும், கடைசிப் புள்ளியும் போய்விடும்: 'வழபபரம'. ஓலைச்சுவடியிலும் புள்ளி வைப்பது அரிதுதான். ஆனால் ஏடு எழுதியவர் கொம்பையாவது விட்டுவைத்தார்.

'விடை' ஆகவே 'வட' ஆயிற்று. நானும் அந்த முகவரியையே எல்லாப் பயிற்சியின் கீழும் கையால் எழுதினேன். பிறகு நண்பர், டீக்கடை பில் போடும் நிரல் ஒன்றை மேலே சேர்த்து, அதற்கு 'வடை' என்று தலைப்பிட்டார். அதுவும் 'வட'. முதலில் வந்ததற்கே அந்த முகவரி சொந்தம். விடை 'வட_1' ஆகிப் பின்னுக்குப் போனது.

"அண்ணா, விடைன்னு அழுத்துனா வடை வருது," என்றாள் ஒரு மாணவி. அதுவரை மூன்று வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. விடையை யாரும் தேடவில்லையா, வடையே போதுமென்று இருந்தார்களா என்பது தனி ஆய்வுக்குரியது.

தீர்வு எளிது: தலைப்பின் ஓரத்தில் நாமே ஆங்கில எழுத்தில் ஒரு முகவரி கொடுத்துவிடலாம். 'டை'க்கு எந்த எழுத்து, 'd'யா 't'யா என்றுதான் இப்போது பேச்சு. விழுப்புரத்துக்கு இரண்டு 'எல்'லா இரண்டு 'பி'யா என்பதையே பெயர்ப்பலகைகள் முடிவு செய்யாத ஊரிலிருந்து நண்பர் எனக்கு எழுத்துப்பிழை காட்டுகிறார்.