சிவப்புச் சட்டை பேட்மேன்

கார்ட்டூன் நாயகர்களின் பொம்மைகளையும் அவர்களுடைய வண்டிகளையும் சேர்க்கிறவர்களிடமிருந்தும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

திருச்சி வாசகி: என் கணவரின் அலமாரியில் பேட்மேன் மட்டும் வரிசையாக நிற்கிறார், ஒவ்வொன்றும் ஒரு நிறம். கார்ட்டூனில் அவருக்கு ஒரே சட்டைதானே?

கார்ட்டூனில் ஒரே சட்டைதான் அம்மா. கடையிலும் ஒரே சட்டையோடு நின்றால் ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் போவார். ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. பொம்மை செய்தவர்கள் கென்னர் கம்பெனியார். ஒரு பொம்மைக்கு எஃகு அச்சு வெட்டுவதில்தான் பெரும்பணம் போகும். வெட்டிய அச்சில் நிறத்தை மாற்றி வார்ப்பது மலிவு. கடைக்கு வரும் பையனும் பேட்மேனைத்தான் கேட்பான், பென்குயினை அல்ல. ஆகவே அடுத்தடுத்து பேட்மேன்கள் வந்தார்கள். ‘இன்ஃப்ராரெட் பேட்மேன்’ என்று சிவப்புச் சட்டையிலும் ஒருவர் வந்தார்.

அந்தத் தொடரின் பின்னணிகளைக் கறுப்புத் தாளில் வெளிச்சத்தை மட்டும் தீட்டி வரைந்தார்கள். கோதம் நகரத்து இருட்டு அவ்வளவு கெட்டியாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். அந்த இருட்டில் பதுங்குகிற மனிதருக்கு யாரும் சிவப்புச் சட்டை போட்டுவிட மாட்டார்கள். அந்தச் சிவப்பு பொம்மைக்கடை வெளிச்சத்துக்காகப் போட்டது. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். ஒரு தொழில் எப்படி நடந்தது என்பதை முதுகில் எழுதி வைத்துக்கொண்டு நிற்கிறார்.

உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள்: ஜோக்கர் எங்கே, டூ-ஃபேஸ் எங்கே? அந்தத் தொடரின் செல்வமே வில்லன்கள்தான். பால் டினியும் புரூஸ் டிம்மும் இந்தத் தொடருக்காகவே உருவாக்கியவள் ஹார்லி க்வின். காமிக்ஸில் அதற்கு முன் அவள் கிடையாது. திரையில் அத்தனை பேரையும் கவர்ந்தவளுக்குப் பொம்மை வரப் பல வருடம் ஆனது.

கோவை வாசகர்: எக்ஸ்-மென் மனிதர்களா, இல்லையா? வீட்டில் தினமும் சண்டை.

இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போய்த் தீர்ந்த ஒன்று. 1990களில் அமெரிக்காவில் மனித உருவப் பொம்மைக்கு இறக்குமதி வரி 12 சதவீதம். மனிதரல்லாத உருவங்களுக்கு 6.8 சதவீதம். சீனாவிலிருந்து எக்ஸ்-மென் பொம்மைகளை வரவழைத்த டாய் பிஸ் கம்பெனி, “எங்கள் ஆட்கள் மனிதர்களே இல்லை” என்று வழக்காடியது. நீதிபதி ஜூடித் பர்சிலே வுல்வரினின் நகங்கள் முதல் ஒவ்வோர் உருவமாக எடுத்துப் பார்த்து, 2003 ஜனவரியில் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

எக்ஸ்-மென் கதையின் உயிரே “நாங்களும் மனிதர்கள்தான்” என்ற மன்றாடல். அதனால் ரசிகர்களுக்கு இந்தத் தீர்ப்பில் மனவருத்தம். எனக்கும்தான். சுங்கத் துறைக்கு அவர்கள் மனிதரல்ல, கதைக்கு மனிதர்கள். வீட்டில் கதையின் பக்கம் நில்லுங்கள்.

மதுரை வாசகர்: ஒரே ஒரு வரிசைதான் சேர்க்க முடியும் என்றால் எதைச் சேர்ப்பீர்கள்?

யோசிக்கவே மாட்டேன். கென்னரின் ‘சூப்பர் பவர்ஸ்’, 1984 முதல் 1986 வரை வந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த ‘சூப்பர் ஃப்ரெண்ட்ஸ்’ கார்ட்டூனும் இதே பெயரைத் தன் தலைப்பில் ஏற்றிக்கொண்டது.

ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், அப்புறம் நான் சொல்லவே வேண்டாம். சூப்பர்மேனின் இரண்டு கால்களையும் விரல்களால் சேர்த்து அழுத்தினால் கை ஓங்கிக் குத்துகிறது. வொண்டர் உமனை அழுத்தினால் தோட்டாவைத் தடுக்கிற கைவளைகள் குறுக்கே வருகின்றன. ஃபிளாஷுக்கு இது தலைகீழ்: கைகளை அழுத்தினால் கால்கள் ஓடுகின்றன. பேட்டரி இல்லை, சாவி இல்லை, வெளியே ஒரு பொத்தான்கூட இல்லை. உடம்புக்குள் சின்ன நெம்புகோல், அவ்வளவுதான். யாருக்கு எந்த அசைவு பொருந்தும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஓடுகிறவனின் காலைப் பிடித்து அழுத்தச் சொன்னால் அவன் எப்படி ஓடுவான்? அதனால்தான் அவனுக்குக் கையில் வைத்தார்கள். தாளில் வரைந்த கோட்டுக்கு எடை கிடையாது, அது எப்படியும் பறக்கும். பொம்மை மேசைமேல் நின்றாக வேண்டும், நின்றபடியே தான் யார் என்றும் காட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டவர்களுக்காகவே நான் பொம்மை பார்க்கிறேன்.

அட்டையில் இருக்கும் படங்களையும் விடாதீர்கள். டிசி காமிக்ஸ் நாயகர்களுக்கு இலக்கண உருவம் கொடுத்த ஓசே லூயிஸ் கார்சியா-லோப்பஸின் கைவண்ணம் அது. பெரும்பாலானவற்றில் ஒரு குட்டிக் காமிக்ஸும் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வரிசையில் இருக்கும் டார்க்சைடு முதலிய பாத்திரங்களைப் படைத்தவர் ஜாக் கிர்பி. காமிக்ஸ் உலகம் அவருக்குப் பட்ட கடன் பெரிது. கைக்கு வந்த பணம் குறைவு. இந்தப் பொம்மைகளுக்காக அந்தப் பாத்திரங்களை மறுபடி வரைந்து தரச் சொல்லி, அதன் மூலம் அவருக்கு உரிமைத்தொகை கிடைக்க டிசி வழி செய்தது. ஒரு பொம்மை விற்க, அதை முதலில் கற்பனை செய்த கிழவருக்கு ஒரு பங்கு போயிற்று. இதைவிட நல்ல காரணம் எனக்கு வேண்டாம்.

வாங்கும்போது மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே உடைந்திருந்தால் கை தொளதொள என்று ஆடும். துணி மேலங்கி பழையதுதானா என்று கேளுங்கள். புதிதாகத் தைத்தவை ஏராளம் உலவுகின்றன. 1986ல் வந்த மூன்றாம் வரிசை கிடைப்பது சிரமம், விலையும் அப்படியே. 2022 முதல் மெக்ஃபார்லேன் கம்பெனி இதே பெயரில் புதிய பொம்மைகளை விட்டது. தோற்றம் அச்சு அசல். அழுத்தினால் ஒன்றும் அசையாது.

சேலம் வாசகர்: பெட்டியைப் பிரிக்கலாமா, கூடாதா?

பிரியுங்கள்.

அதே சேலம் வாசகர் (இரண்டாவது கடிதம்): பிரித்தால் விலை போய்விடுமே?

போகும். விற்பதற்காக வாங்கியிருந்தால் பிரிக்காதீர்கள். 40 வருடம் யாரும் பிரிக்காமல் காத்த பெட்டி கையில் வந்தால் அதையும் பிரிக்காதீர்கள், அந்தப் பொறுமைக்கு மரியாதை வேண்டும். போன மாதம் கடையில் வாங்கியதை மூடியே வைத்திருப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஈரோடு வாசகர்: கார்ட்டூனைப் பார்த்துப் பொம்மை செய்தார்களா, பொம்மையை விற்கக் கார்ட்டூன் எடுத்தார்களா?

இரண்டும் நடந்தது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் விஷயத்தில் பொம்மைதான் மூத்தது. ஜப்பானின் டகாரா கம்பெனி டயக்லோன், மைக்ரோ சேஞ்ச் என்ற பெயர்களில் விற்ற உருமாறும் ரோபோக்களை ஹாஸ்ப்ரோ வாங்கி, 1984ல் புதுப்பெயரில் இறக்கியது. ஒவ்வொன்றுக்கும் குணமும் கதையும் எழுதித் தந்ததில் பெரும்பங்கு மார்வெலின் பாப் புடியான்ஸ்கிக்கு. அதே வருடம் கார்ட்டூனும் வந்தது.

இதற்குச் சாட்சி பொம்மையிலேயே இருக்கிறது. அயர்ன்ஹைட் என்ற வேனை ரோபோவாக மாற்றிப் பாருங்கள். கார்ட்டூனில் அவனுக்கு முழுசாக ஒரு தலை உண்டு. பொம்மையில் தலையே கிடையாது! முன்கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இருக்கை, அதில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் முகம். காரணம், ஜப்பானில் அது உயிருள்ள ரோபோவே அல்ல, ஒரு குட்டி ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற இயந்திரம். அமெரிக்காவில் ஓட்டுநரை இறக்கிவிட்டு இருக்கைக்கு முகம் வைத்துவிட்டார்கள். பழைய அயர்ன்ஹைட்டோ ராட்செட்டோ கிடைத்தால் முதலில் அந்த ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னை, அண்ணா நகர் வாசகி: மகனின் பழைய பொம்மைகளை அந்துருண்டை போட்டுப் பத்திரமாகப் பரணில் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் பிசுபிசுக்கின்றன. சில ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. என்ன ஆயிற்று?

உடனே அந்துருண்டையை எடுத்துவிடுங்கள் அம்மா. பட்டுப்புடவைக்கு அது காவல். பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்கை அதன் ஆவி இளக்கிவிடும்.

பிசுபிசுப்புக்குக் காரணம் வேறு. மிருதுவான பிவிசியை வளைய வைக்க ஒருவகை எண்ணெய் கலப்பார்கள். வருடக்கணக்கில் அது மேலே கசியும், பரண் சூட்டில் சீக்கிரம் கசியும். காற்றுப் புகாத பையில் கட்டிவைத்தால் அங்கேயே தேங்கி ஒட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி பாத்திர சோப்புக் கலந்து பழைய மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். ஸ்டிக்கர் உள்ள இடத்தில் தண்ணீர் படவேண்டாம். நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான அலமாரியில் ஒன்றை ஒன்று தொடாமல் வையுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் மை ஏறும். ரப்பர் பேண்ட் போட்டால் கறை விழும். வண்டிகளின் மிருதுவான டயர் கெட்டி பிளாஸ்டிக்கைத் தொட்டபடியே வருடக்கணக்கில் இருந்தால் அதையும் அரித்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டீர்களா? கழற்றவில்லை என்றால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: பேட்மேன் கார்ட்டூனில் வரும் அந்த நீள மூக்குக் கார் பொம்மையாகக் கிடைக்குமா?

கென்னர் 90களில் செய்தார்கள். டிசி கலெக்டிபிள்ஸ் பின்னாளில் 6 அங்குல உருவங்களுக்கு ஏற்றபடி சுமார் 2 அடி நீளத்தில் விளக்கெரியும் கார் ஒன்றைச் செய்தது. திரையில் பார்த்த அதே நீளம், அதே கம்பீரம். வாங்குமுன் அலமாரியை அளந்துகொள்ளுங்கள்: புத்தக அலமாரியின் ஆழம் 1 அடிதான், காரைக் குறுக்கேதான் நிறுத்த முடியும்.

நாகர்கோவில் வாசகர்: அமெரிக்காவிலிருந்து ஒரு பொம்மை வரவழைத்தேன். பொம்மை விலைக்கு ஈடாகச் சுங்கம் கேட்கிறார்கள். நியாயமா?

இந்தியாவில் பொம்மைக்கான இறக்குமதி வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70 ஆனது. கணக்கில் கப்பல் கூலியையும் சேர்ப்பார்கள், மேலே ஜிஎஸ்டி. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்காகப் போட்ட வரி என்பதில் எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் 1985ல் வார்த்து, இனி யாரும் வார்க்கப்போவதில்லை என்ற பொம்மையால் இங்கே எந்தத் தொழிற்சாலைக்கு நஷ்டம்? பழம்பொருளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். அதுவரை, அனுப்புகிறவரிடம் விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். பிடிபட்டால் பொம்மையும் போகும்.

விழுப்புரம் வாசகர்: எங்கள் ஊரில் சின்ன வயதில் விளையாடிய ஜி.ஐ. ஜோ ஃபன்ஸ்கூல் என்று போட்டிருக்கும். அதற்கு மதிப்பு உண்டா?

நிறைய உண்டு, வெளிநாட்டில் இன்னும் நிறைய. ஃபன்ஸ்கூல் சென்னைக்காரர்கள், எம்.ஆர்.எஃப். குழுமம். டயர் கம்பெனிக்குப் பொம்மை புதிதல்ல. 1946ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் இடமாகத்தான் எம்.ஆர்.எஃப். தொடங்கியது.

ஹாஸ்ப்ரோவின் அச்சுகள் இங்கே வந்து, இங்கே வார்த்து, இங்கே வண்ணம் பூசி விற்றார்கள். அதனால் அமெரிக்காவில் பச்சைச் சட்டை போட்டவர் இங்கே வேறு நிறத்தில் நிற்பார். கார்ட்டூனில் பார்த்த நிறம் இல்லையே என்று அன்று நாம் குறைபட்டோம். இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அந்த நிறத்துக்காகவே தேடுகிறார்கள். உலகில் வேறெங்கும் வராத நிறம் அது, அதைப் பூசியவர்கள் நம் நாட்டுக்காரர்கள். வீட்டில் இருந்தால் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

புதுச்சேரி வாசகர்: முதுகில் 1984 என்று பொறித்திருக்கிறது. அப்படியானால் 1984ல் செய்ததுதானே?

இல்லை. அது உருவத்தின் உரிமை ஆண்டு. அதே அச்சில் பத்து வருடம் கழித்து வார்த்தாலும் அந்த எண் அப்படியே விழும். விற்கிறவர் அந்த எண்ணை மட்டும் காட்டி விலை சொன்னால் பையை மூடிக்கொண்டு நகருங்கள்.

மறுபடி விழுப்புரம் வாசகர்: என் ஜி.ஐ. ஜோவைத் தேடி எடுத்துவிட்டேன்! ஆனால் தூக்கியதும் இடுப்போடு கால்கள் தனியாகக் கழன்று விழுந்துவிட்டன. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

ஐந்து நிமிட வேலை. இந்த ஆட்களின் மேலுடம்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிப்பது உள்ளே இருக்கும் ஒரு கறுப்பு ரப்பர் வளையம்தான். இடுப்பு அவ்வளவு லாவகமாகத் திரும்புவது அதனால்தான். வயதானால் வளையம் காய்ந்து அறுந்துவிடும். பிளாஸ்டிக் நன்றாகத்தான் இருக்கும். முதுகில் ஒரே ஒரு திருகாணி. அளவான ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகக் கழற்றுங்கள். பழைய வளையத்தின் துண்டை எடுத்துக்கொண்டு ரப்பர் வாஷர் விற்கும் ஹார்டுவேர் கடைக்குப் போய் அளவு பார்த்து வாங்குங்கள். கால்களை இணைக்கும் கொக்கியில் மாட்டி, மேலுடம்பின் உள்ளே பொருத்தி மூடுங்கள். திருகாணியைக் கடைசிவரை இறுக்காதீர்கள், தோள் விரிசல் விடும். துப்பாக்கியை உடனே கையில் திணிக்காதீர்கள். அவர்களுக்கு முதலில் உடைவது கட்டைவிரல்தான். வளையம் வாங்கும்போது நாலைந்தாக வாங்குங்கள். அலமாரியில் நிற்கும் எதிரிப்படை கோப்ரா ஆட்களுக்கும் அதே வயதுதான்.