புளியங்குளத்து முற்றங்களில் யூபோபியா: களவுவழி இனப்பெருக்கம் குறித்த ஓர் ஆய்வு

ஏ-9 வீதியிலிருந்து நெடுங்கேணிக்குத் திரும்பும் சந்தி புளியங்குளம். இங்கே புகையிரத நிலையம் உண்டு, கடைகள் உண்டு. யூபோபியா ஆராய்ச்சி நிலையம் மட்டும் இல்லை. அக்குறையை நீக்க இக்கட்டுரையாளர் தாமாக முன்வந்துள்ளார். ஆய்வுக் களம் அயலவர் விறாந்தைகள். ஆய்வுக் கருவி கேற்றுக்கு மேலால் நீளும் கழுத்து. நிதியுதவியை எவரும் தரவில்லை, இவரும் கேட்கவில்லை.

முதலில் வம்சாவளி. நாம் யூபோபியா என்று பொதுவாய்ச் சொல்லும் பெரும்பூச் செடியைத் தாவரவியலார் யூபோபியா லோமி என்பர். பெற்றோர் இருவருக்கும் சொந்த ஊர் மடகஸ்கார். ஒருவர் மிலி: பாறையிலும் வெயிலிலும் காய்ந்து வளர்ந்தவர், நிறைய முள், சின்னப் பூ. மற்றவர் லொபொகோனா: நிழலில் வளர்ந்த பெரிய இலைக்காரர். ஒரு பக்கத்து உழைப்பும் மறுபக்கத்து வடிவும் பிள்ளைக்கு வாய்த்த நல்ல சம்பந்தம். இக்கலப்புக்குப் பெயர் சூட்டியவர் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் பேராசிரியர் வேர்னர் ரவு. பூவைப் பெருப்பித்து நிறங்களைக் கூட்டியதில் பெரும்பங்கு தாய்லாந்துக்காரருடையது. சீனத்து எட்டுச் சித்தர்களின் பெயரால் அவர்கள் இதை அழைக்கிறார்கள். கொத்தில் எட்டுப் பூ வந்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டமாம்.

மிலி என்பது ரீயூனியன் தீவின் ஆளுநராயிருந்த மிலியஸ் பிரபுவின் பெயர். அவர் அச்செடியைப் பிரான்சுக்கு அனுப்பியது 1821இல். பேராதனைத் தாவரவியற் பூங்கா தொடங்கியதும் 1821இல். இரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் ஆண்டுப் பொருத்தத்தைக் கண்ட பின் சொல்லாமல் விடுவது ஆய்வு மரபன்று.

உடற்கூற்றில் பெரிய மோசடி பூவில்தான். சிவப்பாகவும் மஞ்சளாகவும் தெரியும் இரண்டு இதழ்களும் இதழ்களே அல்ல, பூவடியிலைகள். மெய்யான பூக்கள் நடுவில் குறுணிபோல ஒளிந்திருக்கின்றன. உடலெங்கும் முள், வெட்டினால் நச்சுப் பால். போகன்விலாவைத் தடவிப் பார்க்கும் கட்டாக்காலி மாடும் இதன் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை.

இவ்வளவு காவல் போட்ட செடி எப்படி வீட்டுக்கு வீடு பரவியது? இதுவே நம் ஆய்வு வினா. கலப்பினமாகையால் விதை போட்டால் பிள்ளை தாயைப் போல வராது. அதே பூ வேண்டுமென்றால் தடி வெட்டித்தான் நடவேண்டும். 1997இல் இவ்வூர் போர்முனையாகி, சனம் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் கழித்தே திரும்பியது. ஆகவே இன்று முற்றங்களில் நிற்பவற்றுள் முதுசமாக வந்தது அநேகமாய் இராது. எல்லாம் கைமாறி வந்தவை. எந்தக் கை என்பதில்தான் சுவாரசியம்.

“அன்ரி, இதில ஒரு தடி தாறீங்களோ?”

“பூத்து முடியட்டும் பிள்ளை, பிறகு வெட்டித் தாறன்.”

யூபோபியா ஆண்டு முழுதும் பூப்பது. அன்ரிக்கு இது தெரியும். பிள்ளைக்கும் தெரியும். அடுத்த கோயில் திருவிழாவன்று, அன்ரி வீட்டில் இல்லாத நேரம், தடி ஒன்று குறையும்.

களவெடுத்து நட்ட கண்டுதான் தழைக்கும் என்பார்கள் எங்கள் பெண்கள். கல்விமான்கள் சிரிப்பார்கள். சிரிக்கத் தேவையில்லை, விஞ்ஞானம் பெண்கள் பக்கமே நிற்கிறது. கேட்டு வாங்கிய தடியை அன்றைக்கே நட்டு, நன்றிப் பெருக்கில் வாளி நீரையும் ஊற்றிவிடுவார்கள். பால் காயாத வெட்டு அழுகிப்போகும். களவெடுத்த தடியோ அன்ரியின் சந்தேகம் ஆறும்வரை சில நாள் கட்டிலுக்கடியில் கிடக்கும். அதற்குள் பால் உறைந்து, வெட்டுவாய் காய்ந்து, நடுவதற்குப் பக்குவமாகிவிடும். உலகெங்கும் தோட்டக்கலைஞர் சொல்லும் விதியும் இதுதான்; குற்றவுணர்வு அதைத் தானாகவே நிறைவேற்றி வைக்கிறது.

சட்டச் சிக்கலையும் சொல்லவேண்டும். அருகிவரும் உயிரினங்களுக்கான சைற்ஸ் ஒப்பந்தம் சதைப்பற்றுள்ள யூபோபியாக்களை எல்லைதாண்டிக் கொண்டுபோகப் பத்திரம் கேட்கிறது. ஆனால் வளர்ப்பு மிலி வகைகளை ஒரே பொதியில் நூறோ அதற்கு மேலோ அனுப்பினால் விலக்கு உண்டு. அதாவது ஒன்று கொண்டுபோனால் விசாரணை, நூறு கொண்டுபோனால் வியாபாரம். பக்கத்து வீட்டு வேலி சர்வதேச எல்லையல்ல என்பதால் நம் ஆய்வுக்குட்பட்டோர் தப்பினர்.

பராமரிப்பு சுருக்கம். பாதி மணலும் கொஞ்சம் கிரவலும் கலந்த மண், அடியில் ஓட்டையிட்ட பெயின்ற் வாளி, அரைநாள் வெயில். மண் காய்ந்த பிறகே தண்ணீர். சோளகக் காற்றடிக்கும் கோடையை இச்செடி தாங்கும். அதைக் கொல்வது ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்யும் மாரியும், வீட்டுக்காரரின் பாசமும். முள்ளில் செருகும் முட்டைக்கோதைப் பற்றிக் கேட்டால் கண்ணூறுக்கு என்பார் ஒருவர், கல்சியம் என்பார் இன்னொருவர். முள்ளிலிருக்கும் கல்சியம் வேருக்கு எப்படி இறங்கும் என்று இருவரும் கேட்பதில்லை. தடி வெட்டும்போது கையுறை போடுங்கள். பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதில் பகிடி இல்லை.

மேலாய்வுக்கு எலுமிச்சை மஞ்சள் வகை தேவைப்படுகிறது. அது வைத்திருக்கும் புளியங்குளத்து அன்ரிமார், வரும் திருவிழாவன்று கேற்றைப் பூட்டாமல் போகும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.