உப்புமாவுக்கு ஒரு பரீட்சை

கேள்வி: காலைச் சிற்றுண்டித் திட்டத்தால் பிரயோஜனம் விளைந்ததா என்பதை எவ்விதம் நிர்ணயிப்பது? (ஒரு வாசகர், உசிலம்பட்டி)

பதில்: தட்டுகளை எண்ணுவது சுலபம், சர்க்கார் அறிக்கைகள் பெரும்பாலும் அந்தச் சுலபத்திலேயே பரம திருப்தி அடைந்துவிடுகின்றன. ஆனால் பரிமாறியது எவ்வளவு என்பது ஒரு கணக்கு. பரிமாறியதனால் பிள்ளைகளிடம் மாறியது எவ்வளவு என்பது வேறு கணக்கு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் ஆரம்பமாகி, முதற்கட்டமாக 1,545 பள்ளிகளுக்கு மட்டுமே இத்திட்டம் வாய்க்க, மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை 2023 ஆகஸ்ட் வரை காத்திருந்தபடியால், உப்புமா உண்ட பள்ளியின் வருகைப் பதிவேட்டையும் உப்புமாவை எதிர்நோக்கிய பள்ளியின் பதிவேட்டையும் அருகருகே விரித்துப் பார்க்கும் அபூர்வ சந்தர்ப்பம், எந்தப் பண்டிதரும் பிரயாசைப்படாமலே நமக்குக் கிட்டியது. சங்கடம் என்னவென்றால், முதற் பள்ளிகள் சீட்டுக் குலுக்கி எடுக்கப்பட்டவையல்ல. நகரத்துப் பள்ளியையும் மேலூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளியையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. சரி, அதே பள்ளியின் முந்தைய ஆண்டோடு ஒப்பிடலாமென்றாலோ, கொரோனாவை முன்னிட்டு 2021 அக்டோபர் முடியத் தொடக்க வகுப்புகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய பள்ளியோடு ஒப்பிட்டால், ஐயா, எந்தத் திட்டமும் மகத்தான வெற்றிதான்!