புஷ்பங்களின் காரியஸ்தர்

கெப்பாலா பத்தாஸில் ஒரு தமிழ்க் கல்யாணம் நிச்சயமாயிற்றென்றால், பெண் வீட்டார் அஞ்சுவது சம்பந்திகளுக்கு அன்று, மணவறைக்குப் புஷ்ப அலங்காரம் செய்ய வரும் பெரியவருக்கே. மலாய் மொழியில் ‘பத்தாஸ்’ என்பது வயல் வரப்பைக் குறிக்கும். எல்லை என்றும் அதற்குப் பொருளுண்டு. நெல்வயல்களுக்கெல்லாம் ஒழுங்காக வரப்பிட்ட இந்த ஊர், இவருக்கு மட்டும் ஒன்று போட மறந்துவிட்டது.

விவாகம் என்பது இரண்டு மனிதர்கள் மாலை மாற்றிக்கொள்வது என்று நீங்களும் நானும் கருதுகிறோம். அவருடைய சித்தாந்தத்தின்படியோ, அது இரண்டு மாலைகள் ஆள் மாற்றிக்கொள்ளும் வைபவம்.

முகூர்த்தத்துக்கு முந்திய நாள் அவர் பினாங்குத் தீவுக்கு யாத்திரை புறப்படுவார். 1985 முதல் 13.5 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பாலம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனாலும் பாலத்துக் காற்றில் அரும்புகளுக்குத் தலைசுற்றும் என்று சொல்லி, பட்டர்வொர்த் துறையில் மோட்டார் சைக்கிளோடு பெர்ரி ஏறி, ஜார்ஜ்டவுனில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அருகிலுள்ள கடைத்தெருவில், பெண் பார்க்க வந்த மாமியாரைப்போல் மல்லிகையை ஒவ்வோர் அரும்பாகப் பரிசோதித்து வாங்கித் திரும்புவார். மல்லிகை மலர்வது அந்தியில், முகூர்த்தமோ காலையில். ஆகவே அரும்புகளை ஐஸ் பெட்டியில் உறங்கவைப்பார். அந்த அறையில் குழந்தை அழுதால், “பூ முழிச்சிக்கும், வெளிய தூக்கிட்டுப் போங்கம்மா” என்று ரகசியக் குரலில் கடிந்துகொள்வார்.

கேமரன் மலையிலிருந்து வரும் செவ்வந்திக்கும் ரோஜாவுக்கும் தண்டைச் சாய்வாக நறுக்கி, நீரில் மூழ்கும் இலைகளைக் களைந்து, வாளிகளில் நிறுத்தி நீரூட்டுவதில் அவர் காட்டும் சிரத்தையில் நூற்றில் ஒரு பங்கு மாப்பிள்ளைத் தோழனுக்குக் கிடைத்திருந்தால், அந்த ஏழை நள்ளிரவில் ஒரு வாய்க் காப்பிக்காக மண்டபம் முழுவதும் அலைந்திருக்க மாட்டான்.

1954-இல் அமெரிக்கரான ஸ்மிதர்ஸ் என்பவர் வழக்கத்துக்குக் கொண்டுவந்த, தண்ணீரை உறிஞ்சிப் பூவைத் தாங்கும் பச்சை நிறக் கட்டியை மற்ற அலங்காரக்காரர்கள் தாராளமாக உபயோகிக்கிறார்கள். நம்மவர் அதை விரலாலும் தீண்டார். பூவைக் குத்தி நிறுத்த வாழைத்தண்டு, தொடுக்க வாழைநார், பொட்டலம் மடிக்க வாழையிலை என்று வாழை வம்சத்துக்கே அடிமைச் சாசனம் எழுதிக்கொடுத்தவர் அவர். ஆனால் அந்த வம்சத்தில் பிறந்த பழம் ஒன்றுதான் அவருக்கு ஜன்ம விரோதி! சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில், மணவறை ஓரம் வரிசையாக வைத்திருந்த தட்டுகளைக் கண்டு அவர் பதறியதை நானே பார்த்தேன்.

“தம்பி, பழத் தட்ட யாரு இங்க வச்சது?”

“சீர்த்தட்டு மாமா. ஐயரு வைக்கச் சொன்னாரு.”

“ஐயரு மந்திரத்தப் பாக்கட்டும். பழத்துலேருந்து ஒரு ஆவி வருது தம்பி. ஆர்க்கிட்டு அத மோந்தா தாலி கட்டறதுக்குள்ள தொங்கிடும்.”

இதைப் பிரமை என்று நகைக்க வழியில்லை. கனியும் வாழைப்பழம் எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகிறது. ஆர்க்கிட்டுகள் அதற்கு எளிதில் வாடுகின்றன. தாலி கட்டும் நேரக் கணக்குத்தான் அவருடைய சொந்தச் சரக்கு. ஆயினும், வாசலில் குலையோடு கட்டிய இரு வாழை மரங்களையும் அவிழ்த்துச் சாலைக்கு அப்பால் நடவேண்டும் என்று அவர் வாதாடியபோது, பெண்ணின் தாய்மாமன் குறுக்கே விழுந்து தடுத்திராவிட்டால், வந்த விருந்தினரெல்லாம் எதிர்க் கடையில் நுழைந்திருப்பார்கள்.

பந்தியில் அவர் எனக்குப் பக்கத்து இலையில் அமர்ந்தார். சோறு விழுமுன்பே இலையோரத்துப் பழத்தை உரித்து அவசரமாக விழுங்கிவிட்டு, மணவறையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவருடைய திருஷ்டி மெல்லத் தாழ்ந்து, என் இலையோரத்தில் வந்து நின்றது. நானும் சோற்றுக்குக் காத்திராமல் என் பழத்தை உரித்தேன்.