அத்தான் வீட்டு வைஃபை

வீட்டு வைஃபை பாஸ்வேர்டு வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்கிற விஷயம், வெளியாள் ஒருவர் வந்து கேட்கிறவரை வெளியே வருவதில்லை. டிவிக்குத் தெரியும். எல்லார் போனுக்கும் தெரியும். மாடியில் குடியிருப்பவரின் பையனுக்கும் தெரியும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கிரிக்கெட் மேட்ச் நடக்கிற நாட்களில் மட்டும் நம் வீட்டில் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மாதாமாதம் பணம் கட்டுகிற எனக்குத்தான் தெரியாது. முதல் நாள் யாரோ அடித்துக் கொடுத்ததோடு சரி. அதற்கப்புறம் மெஷின்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன, நம்மை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

முன்பெல்லாம் விருந்தாளி வந்தால் செம்பில் தண்ணீர் கொடுத்து, வெயிலைத் திட்டி, பஸ் கிடைத்ததா என்று விசாரித்து, அப்புறம்தான் மற்றது. இப்போது தண்ணீர் வாங்குகிற கையிலேயே போன் இருக்கிறது. இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. செருப்பு விடுகிற இடத்திலேயே பாஸ்வேர்டை எழுதி ஒட்டிவைத்திருக்கிற நாகரிகமான வீடுகளும் திருச்சியில் உண்டு. நம் வீடு அந்த ரகம் இல்லை, அவ்வளவுதான்.

வந்தவர்கள் சாதாரண விருந்தாளிகளாக இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். கோயம்புத்தூரிலிருந்து சம்பந்தி குடும்பம். பெண்ணைக் கொடுத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. கூடவே மாப்பிள்ளையின் தம்பி, இன்ஜினியரிங் படிக்கிறவன். சோபாவில் உட்கார்ந்த கையோடு, “மாமா, வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்களேன்” என்றான்.

“தெரியாதே தம்பி.”

சம்பந்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, மிகுந்த பெருந்தன்மையோடு, “பரவால்லீங் சம்பந்தி, அவங்கிட்ட டேட்டா இருக்குதுங்” என்றார்.

அந்தப் பெருந்தன்மைதான் குத்தியது. பீரோ சாவி தொலைந்துவிட்டது என்றால் வந்தவர்களும் சேர்ந்து குனிந்து தேடுவார்கள். வைஃபை பாஸ்வேர்டு தெரியாது என்றால் உலகத்தில் ஒருத்தரும் நம்புவதில்லை. கொடுக்க மனசில்லை என்றுதான் அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். என் மனைவி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, பல்லைக் கடித்தபடி சொன்னாள்: “கல்யாணத்துல பாயசம் பத்தலைன்னு பேசினதே இன்னும் அடங்கல. இப்ப வைஃபைகூடக் குடுக்கலைன்னு பீளமேடு பூரா சொல்லப்போறாங்க.”

தேடல் ஆரம்பமானது. எங்கள் வீட்டில் எழுதப்பட்ட எல்லாம் ஒரே டைரியில் இருக்கும். நகைக்கடை ஓசியில் கொடுத்தது, வருஷம் கிழிந்துபோனது. மனைவியின் கையெழுத்தில் காஸ் புக்கிங் நம்பர், பால்காரர் கணக்கு, எல்ஐசி பாலிசி, மாவடு ஊறுகாய்க்கு உப்பு அளவு எல்லாம் இருந்தன. ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘வைஃபை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, ஒரு நீள எண். ஆசையோடு அடித்துப் பார்த்தால், அது இன்டர்நெட் கம்பெனியில் எப்போதோ கொடுத்த புகாரின் எண். பக்கத்திலேயே ‘நாளை வருவதாகச் சொன்னார்’ என்று தேதியில்லாமல் ஒரு குறிப்பும் இருந்தது.

டைரியைக் கேலி செய்யக்கூடாது. கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு என்கிற பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் என்று ஃபெர்னாண்டோ கார்பட்டோவைச் சொல்வார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில், ஒரே கம்ப்யூட்டரைப் பலபேர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருந்ததால் ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்தார்கள். 1962இலேயே ஆலன் ஷெர் என்கிற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று, எல்லாருடைய பாஸ்வேர்டும் இருந்த ஃபைலை அப்படியே அச்சடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கார்பட்டோவே பிற்காலத்தில் தன் பாஸ்வேர்டுகளையெல்லாம் தாளில் எழுதித்தான் வைத்திருந்தார். அவர் வீட்டுத் தாளில் மாவடு அளவு இருந்திருக்காது, வித்தியாசம் அவ்வளவுதான்.

பாஸ்வேர்டை வைத்தது என் மச்சான். மனைவியின் தம்பி. ஒவ்வொரு குடும்பத்திலும் டெக்னிக்கல் ஆள் என்று ஒருத்தன் இருப்பான். ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றத் தெரிந்ததிலிருந்து அந்தப் பட்டம் தொடங்கியிருக்கும். இணைப்பு கொடுத்த அன்று, நான் நாற்பது எம்பி பிளான் போதும் என்றபோது, “என்ன அத்தான், நூறு எம்பிக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்?” என்று வாதாடிப் பார்த்தான். நான் அசையவில்லை. கைமாற்று வாங்கினதை மூன்று தீபாவளியாகத் திருப்பாதவன் என் செலவில் தாராளம் காட்டக்கூடாது என்பது என் கொள்கை. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஏதோ அடித்தான். “ரொம்ப ஸ்ட்ராங் பாஸ்வேர்டு அத்தான், ஒருத்தன் உடைக்க முடியாது” என்றான்.

அவனுக்குப் போன் போட்டேன். அவன் குரலில் ஒரு தடுமாற்றம்.

“பாஸ்வேர்டா? ஞாபகம் இல்லியே அத்தான். ஒண்ணு பண்ணுங்க, ரீசெட் பண்ணிடுங்க. பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும், குண்டூசியால பத்து செகண்டு அமுக்குங்க. அதுதான் எல்லாருக்கும் நல்லது.”

‘எல்லாருக்கும் நல்லது’ என்று எதற்குச் சொல்கிறான் என்று அப்போது உறைக்கவில்லை. மாப்பிள்ளையின் தம்பிதான் தடுத்தான். ஃபைபர் பெட்டியை ரீசெட் செய்தால் வைஃபை பாஸ்வேர்டு மட்டும் போகாதாம். கம்பெனிக்காரர் உள்ளே போட்டு வைத்திருக்கிற யூசர்நேம் முதல் எல்லாமே அழிந்துவிடலாம், அப்புறம் அவர்தான் வந்து போட வேண்டியிருக்கும் என்றான். அன்று சனிக்கிழமை சாயங்காலம். ‘நாளை வருவதாகச் சொன்னார்’ என்கிற டைரி வரி கண்முன் வந்தது. குண்டூசியைக் கீழே வைத்தேன்.

பெட்டி ஃபிரிட்ஜுக்கு மேலே, பழைய காலண்டர்களுக்கு நடுவில் இருந்தது. அதன் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அதில் பாஸ்வேர்டு இருக்கும் என்றார்கள். இருந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கியும் பிடிபடாமல், போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படித்தோம். கம்பெனியிலிருந்து வரும்போது இருந்த பாஸ்வேர்டு அது. முதல் நாளே மச்சான் மாற்றிவிட்டானே!

அடுத்தது ஊகம். வைஃபை பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது, அறுபத்து மூன்றுக்கு மேல் போகக்கூடாது. இந்த எல்லைக்குள் நம் குடும்ப வரலாறு முழுவதையும் அடித்துப் பார்த்தோம். கல்யாண நாள், பெண்ணின் பிறந்த நாள், பழைய ஸ்கூட்டர் நம்பர். “குலதெய்வமா இருக்கும்” என்றாள் மனைவி. அவள் பிறந்த வீட்டுக் குலதெய்வம் அங்காளபரமேஸ்வரி. தமிழ்ச் சாமி பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் தெரியும். ‘கா’வுக்கு ஒரு ஏ-யா, இரண்டா? ‘மே’வுக்கு இரண்டு ஈ தேவையா? நடுவில் டபிள்யூவா, வி-யா? முடிவில் ஐ-யா, ஒய்-யா? முதல் எழுத்து பெரிதா, சிறிதா? ஐந்து இடத்தில் இரண்டிரண்டு வாய்ப்பு என்றால் முப்பத்திரண்டு அங்காளபரமேஸ்வரிகள். பின்னால் ஒன்று இரண்டு மூன்று உண்டா இல்லையா என்று கேட்டால் அறுபத்து நாலு. அம்மனை இப்படி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு ‘பாஸ்வேர்டு தவறு’ என்று திருப்பி அனுப்புவது பாவம் என்று சம்பந்தியம்மா சொன்னபிறகுதான் நிறுத்தினோம்.

“வெறும் பேரா இருக்காது அத்தை. நடுவுல குறி எல்லாம் போட்டிருப்பாங்க” என்றான் தம்பி. அதுவும் உண்மை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து வை என்று ஊர் உலகத்தை மிரட்டியதற்கு மூலம், அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் 2003இல் எழுதிய ஒரு கையேடு. ஜனங்கள் என்ன செய்தார்கள்? அதே பழைய பெயரில் ஏ-யை எடுத்துவிட்டு, வட்டத்துக்குள் ஏ போட்ட அந்த ‘அட்’ குறியை வைத்தார்கள். திருடனுக்கும் அது தெரியும். ஓய்வு பெற்றபிறகு, 2017இல், எழுதியதில் பெரும்பாலானவற்றுக்கு இப்போது வருந்துகிறேன் என்று பர் சொல்லிவிட்டார். அவர் வருந்தி முடித்துவிட்டார். மச்சான் அவர் சொன்னதை விடுவதாக இல்லை. அந்தக் குறி எனக்கு எமனாக வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

கடைசியில் வழி கிடைத்தது. ஆண்ட்ராய்டு 10இலிருந்து, போனில் வைஃபை அமைப்புக்குள் போய் ‘ஷேர்’ என்று தொட்டால் கியூஆர் கோடு வரும். பல போன்களில் அதற்கு அடியிலேயே பாஸ்வேர்டும் வரும். என் போன் அதற்கு முந்தைய தலைமுறை. மனைவியின் போன் புதுசு, பெண் வாங்கிக் கொடுத்தது. அது கைரேகை கேட்டது. அவள் விரலில் வடை மாவு. கழுவிவிட்டு வந்தாள், ஈரம், ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்தாள், ஏற்கவில்லை. “அத்தை, நல்லா அழுத்தி வைங்க” என்று தம்பி உற்சாகப்படுத்த, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டைவிரலையே பார்த்தோம். திறந்தது.

தம்பி தன் போனைக் காட்டி ஒரு நொடியில் இணைந்துவிட்டான். அத்தோடு விட்டிருக்கலாம். சம்பந்திக்கும் ஆசை வந்தது. அவருடைய போன் கேமராவில் கீறல், கோடு பிடிபடவில்லை. “நீ எழுத்தப் படி, நான் அடிக்கறேன்” என்றார். சம்பந்தியம்மா என் மனைவியின் போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு கணீரென்று படித்தார்.

“ஏ, டி, ஹெச், ஏ, என்…”

“அத்தான்” என்றார் சம்பந்தி, அடித்தபடியே.

“கே, ஏ, என், ஜே, ஏ, என்… அப்புறம் இது என்ன கண்ணு, ஏ-வைச் சுத்தி வட்டம்?”

“அது அட்டும்மா. ஏ-க்குப் பதிலா போடறது.”

“அப்ப ஏ-தான். நாலு, சைபர்.”

சம்பந்தி அடித்து முடித்து, திரையைப் பார்த்து, எழுத்துக் கூட்டி, மெதுவாகத் தலையைத் தூக்கினார். “அத்தான்… காஞ்சனா…”

ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏனுங் சம்பந்தி,” என்றார் சம்பந்தியம்மா, “காஞ்சனாங்கறது யாருங்?”

“நாப்பதுன்னு போட்டிருக்குதுங்” என்றார் சம்பந்தி, ஒரு தகவலாக.

மனைவி என் பக்கம் திரும்பினாள். என் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அவள் மனசில் ஓடுவதை என்னால் பார்க்க முடிந்தது. மச்சான் எதற்கு ரீசெட், ரீசெட் என்று அடித்துக்கொண்டான் என்பது அந்தக் கணத்தில்தான் புரிந்தது.

“காஞ்சனா இல்ல! கஞ்சன்! கஞ்சன்!” என்று கத்தினேன். “அத்தான் கஞ்சன்! அந்தக் குறி சும்மா குறிதான், ஏ இல்ல! நாப்பது எம்பி பிளான் போட்டேன்ல, அந்த நாப்பது! நான் கஞ்சன்னு உன் தம்பி எழுதி வெச்சிருக்கான்!”

எந்தப் பேர் கோயம்புத்தூர் போய்ச் சேரக்கூடாது என்று சாயங்காலத்திலிருந்து பாடுபட்டேனோ, அதை நானே, ஜன்னலெல்லாம் திறந்திருக்க, மாடி வீட்டுக்கும் கேட்கிற குரலில் அறிவித்துவிட்டேன்.

“அதுக்கு எதுக்கு இந்தக் கத்து கத்தறீங்க?” என்றாள் மனைவி, முகம் தெளிந்து. “எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. வடை ஆறுது, வாங்க.”

ஊருக்குக் கிளம்புமுன் தம்பி பாஸ்வேர்டை மாற்றுகிற வித்தையைக் காட்டிக் கொடுத்தான். 192.168.1.1 என்று அடித்து உள்ளே போக வேண்டும். அங்கேயும் ஒரு பாஸ்வேர்டு கேட்டது. நல்லவேளை, அதை மச்சான் தொடாததால் அடிச்சீட்டில் இருந்ததே பலித்தது. மாற்றினபிறகு வீட்டில் உள்ள ஒவ்வொரு மெஷினுக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். டிவிக்கு ரிமோட்டில் அம்புக்குறியைத் தட்டித் தட்டி ஒவ்வொரு எழுத்தாகப் போய், ஒன்று தாண்டிவிட்டால் திரும்பி வந்து… அதை விடுங்கள். புது பாஸ்வேர்டை யோசித்தது நான்தான். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தீபாவளிக்கு மச்சான் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே, “அத்தான், வைஃபை கனெக்ட் ஆகலியே, பாஸ்வேர்டு மாத்திட்டீங்களா?” என்றான்.

“மாத்திட்டேன். சொல்றேன், அடி.” நிதானமாகச் சொன்னேன். “எம், ஏ, சி, ஹெச், ஏ, என்…”

“மச்சான்! என் பேர்லயா? பரவால்லியே!” என்று சிரித்தான்.

“கே, ஏ, டி, ஏ, என்…”

விரல் நின்றது. சிரிப்பும் நின்றது. உள்ளேயிருந்து பட்சணத் தட்டோடு வந்த அக்காவை ஒருதரம் பார்த்தான், என்னை ஒருதரம் பார்த்தான்.

“நிறுத்தாதே,” என்றேன். “இன்னும் அஞ்சு நம்பர் இருக்கு.”