மலைக்கு உன் பூட்ஸ் விலை தெரியாதுலே

என்னலே மக்கா, ஓமானுக்கு மலையேறப் போறியாமே? துபாய்ல ஏசி அறையில சம்பாதிச்ச காசை ஜெபல் ஷம்ஸ் பாறையில தேச்சுப் பாக்கணும்னு ஆசை வந்துட்டோ? நல்ல ஆசைதான். ஓமான்லயே ஒசந்த மலை, 3,000 மீட்டர் இருக்கும். விளிம்புல நின்னு எட்டிப் பாத்தா ஏறக்குறைய 1,000 மீட்டர் பள்ளம். நானும் அந்தச் சீமையில ரோட்டு வேலை பாத்து வெயில் தின்னவன்தான். அதனால ரெண்டு வார்த்தை சொல்லுதேன். பிடிச்சா எடுத்துக்கோ, பிடிக்கலன்னா ஒன் போன்ட்ட கேட்டுக்கோ.

மொதல்ல மூட்டையை அவுரு, பாப்போம். ஊணுகோல் ரெண்டு. வயசு இருபத்தாறு, அதுக்குள்ள கம்பு கேக்குதோ? பூட்ஸ் விலைக்கு ஒரு வெள்ளாடும் குட்டியும் வாங்கிரலாம். கைக்கடிகாரம் நெஞ்சு எத்தனை தடவை அடிக்குன்னு சொல்லுமாம். ஏலே, நெஞ்சு அடிக்கது ஒனக்கே தெரியாதா? தண்ணிப் பையில குழாய் வேற. குடத்தைக் கவுத்துக் குடிச்சவன் பேரன் இப்ப உறிஞ்சிக் குடிக்கான். அடியில இது என்ன? காப்பிக்கொட்டை அரைக்க கைமெஷினா! மலையேறப் போறியா, காப்பிக்கடை போடப் போறியா?

எல்லாம் இருக்கு. உப்பு எங்கலே?

சிரிக்காத. அந்த வெயில்ல ஏத்தத்துல நடந்தா மணிக்கு ஒரு லிட்டர் வேர்வை சாதாரணமாப் போயிரும். தண்ணியோட உப்பும் போவும். நீ வெறுந்தண்ணியா லிட்டர் லிட்டரா ஊத்துனா ரத்தத்துல இருக்க மிச்ச உப்பும் நீத்துப்போயி தலை கிறங்கும், வாந்தி வரும், ஆளே சாஞ்சிரும். படிச்ச டாக்டருமாரும் இதைத்தான் சொல்லுதாவ. நம்ம வயக்காட்டு ஆளு யாருட்ட போயிக் கேட்டான்? நீராகாரத்துல உப்பைப் போட்டுக் கலக்கி, ஒரு உள்ளியைக் கடிச்சிக்கிட்டு மம்பட்டியைத் தூக்கிட்டுப் போனான். நீ அதையே வாசனை போட்ட பொடியா பாக்கெட்டுல வாங்குத. வாங்கு. ஆனா மறக்காம கரைச்சுக் குடி.

அடுத்தது பால்கனி நடை. அல் கிதைம் ஊருல ஆரம்பிச்சு பள்ளத்தாக்கு ஓரமாப் போற பாதை. போய்வர மூணு நாலு மணி நேரம். அந்தக் கோடியில பாறை இடுக்குல ஒரு ஊரு இருக்கு, இப்ப ஆள் இல்ல. பாறையே கூரை. முன்னால அடுக்கடுக்கா வரப்பு கட்டி வெள்ளாமை பாத்திருக்காவ. அந்தப் பாதையை யாரு போட்டான்னு நெனைக்க? பொழுதுபோகாம வந்தவனா? கழுதை மேல மூட்டையை ஏத்திக்கிட்டு பொழைப்புக்கு நடந்தவ. கெழவி நடந்திருக்கா, பிள்ளைத்தாச்சி நடந்திருக்கா. ஒருத்தியும் உச்சியில நின்னு கையை விரிக்கல. நீ அதே பாதையில போயி ஒரு படம் புடிச்சு, அடியில 'சவாலை வென்றேன்'னு எழுதுத. யாரை வென்ன? அந்தக் கெழவியையா?

பாதை தவறாம இருக்க பாறையில மஞ்சள், வெள்ளை, சிவப்புன்னு பட்டை அடிச்சு வச்சிருக்கு சர்க்காரு. அதைப் பாத்து நட. போன்ல வரைபடத்தைப் பாத்துக் குனிஞ்சே நடந்தா, மலை முடியுத இடம் ஒனக்குத் தெரியுமுன்ன ஒன் காலுக்குத் தெரிஞ்சிரும்.

கோடையில போகாத. நவம்பர் தொடங்கி மார்ச்சுக்குள்ள போ. அப்பவும் உச்சியில ராத்திரி தண்ணி ஒறையுத குளிரு அடிக்கும், போர்வை எடுத்துக்கோ. பாலைவனம்னா சூடு மட்டுந்தான்னு ஒனக்கு எவன் சொன்னான்? பகல்ல ஆட்டைக் கவனி. அடிவாரத்துல இலந்தை மரத்து நிழல்ல ஆடு படுத்திருச்சுன்னா நீயும் படு. ஆடு ஓமான் ஆடா இருந்தாலும் வெவரம் தெரிஞ்ச ஆடு.

அப்புறம் வாதி, மழை பெஞ்சா மட்டும் தண்ணி ஓடுத ஆத்துப் பள்ளம். மழை இல்லாத காலத்துல வண்டித்தடம் மாதிரி காஞ்சு கெடக்கும். தலைக்கு மேல வானம் நீலமா இருக்கும், எங்கயோ மேல மலையில மழை கொட்டியிருக்கும். வெறும் பாறை, குடிக்க மண்ணு இல்ல. பெஞ்ச தண்ணி அம்புட்டும் திரண்டு ஒன் கூடாரத்தைத் தேடி வரும். அதனால வாதிக்குள்ள தரை மெத்துன்னு இருக்குன்னு படுக்கையைப் போட்டுராத. பக்கத்து அமீரகத்துல 2023-லயே சட்டம் போட்டுட்டாவ: வெள்ளம் ஓடுத வாதிக்குள்ள வண்டியை விட்டா 2,000 திர்ஹம் அபராதம், லைசென்சுல 23 கரும்புள்ளி, வண்டியும் 60 நாள் உள்ள. வெள்ளத்தைப் பாத்தா ஒதுங்கி நில்லுன்னு எங்க ஊருல பாட்டி சொல்லுவா. இங்க அதுக்குப் போலீசு வேண்டியிருக்கு.

இனி உச்சி. ஒன் கூட்டாளி ஒருத்தன் உச்சியைத் தொடாம எறங்க மாட்டேன்னு சபதம் போடுதானாமே. அவன்ட்ட ஒரு வெசயம் சொல்லு. ஜெபல் ஷம்ஸுல ஆக ஒசந்த உச்சி ராணுவத்துக்காரன் கையில இருக்கு. உள்ள விட மாட்டான். பகல் பூரா ஏறி நாக்குத் தள்ளி நீ போயி நிக்கது பக்கத்துல இருக்க தணிஞ்ச உச்சி, 2,997 மீட்டர். 3,000-க்கு மூணு மீட்டர் கொறச்சல்! அந்த மூணு மீட்டர் கொறஞ்சதுக்காவ எவனாவது அழுதானா? பெறவு பொழுது சாயுத நேரத்துல பாதி வழியில திரும்புனா மட்டும் ஏன்லே மானம் போவுது? வெளக்கு இல்லாம அந்தச் சரளைக்கல்லுல எறங்கிப் பாரு, மானமா முட்டியா எது பெருசுன்னு தெரியும்.

ஓமான் போலீசு நம்பர் 9999. எழுதி வச்சுக்கோ, பள்ளத்துக்குள்ள சிக்னல் செத்திரும்ங்கதையும் பக்கத்துலயே எழுதிக்கோ. அதனால கெளம்புமுன்ன ஒன் அறைக்கூட்டாளிட்ட எந்தப் பாதை, எத்தனை மணிக்கு எறங்குவேன்னு சொல்லிட்டுப் போ. ஆறு மணிக்கு போன் வரலன்னா தேடச் சொல்லு. ராத்திரிக்கு பிரியாணி போடச் சொல்லிட்டுப் போனா இன்னும் நல்லது. நீ நாலு மணிக்கே எறங்கிருவ.