வீடு மாறினால் பள்ளியும் மாற வேண்டுமா?

கேள்வி: மேற்கு மாம்பலத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்குச் சொந்த வீடு கட்டிக் குடிபோகிறோம். முதல் வகுப்பு படிக்கும் மகள் பழைய பள்ளியை விட மாட்டேன் என்று அழுகிறாள். அங்கேயே தொடரட்டுமா?

பதில்: கிரகப்பிரவேசம் உங்களுக்கு. அவளுக்கோ ஒரே நாளில் தெரு, மாடிப்படி, எதிர்வீட்டுப் பூனை எல்லாம் போகிறது. மிச்சம் இருப்பது பக்கத்து பெஞ்சுத் தோழி மட்டும்தான். அவளையும் நடு வருடத்தில் பிடுங்காதீர்கள். ஏப்ரல் வரை அங்கேயே படிக்கட்டும்.

அதற்கப்புறம் கடிகாரத்தைக் கேளுங்கள். மின்சார ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி, இரண்டு பக்கமும் ஆட்டோ. எட்டரை மணிப் பள்ளிக்கு ஐந்தே முக்காலுக்கு எழுப்ப வேண்டும். ஆறு வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அப்படியானால் எட்டரைக்கே படுக்க வேண்டும். கதை கேட்க, மடியில் உருள நேரம் எங்கே? மாம்பலத்தில் பாட்டி வீடு இருந்து, மாலையில் அங்கே இளைப்பாற முடியுமென்றால் கணக்கு வேறு. இல்லையென்றால் ஜூனில் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பதுதான் நியாயம்.

டி.சி. தாமதமாகுமே என்று பயப்படாதீர்கள். தாமதத்தைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம்.

ஒன்று மட்டும் செய்யுங்கள்: புது வீட்டுக்கு முதல் விருந்தாளியாக அந்தத் தோழியைக் கூப்பிடுங்கள், உறவுக்காரர்களுக்கு முன்னால்.